ஒலித்தட்டும் ஓலைச்சுவடியும்

பழைய வானொலித் தட்டுக்களைத் தேடித் திரட்டுவது பொழுதுபோக்கேயன்றிப் புலமையாகாது என்று கூறுவோர் நம்மிடையே உளர். எழுதப்பட்டதே சான்று, ஒலித்தது காற்றோடு போயிற்று என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கை தவறானது மட்டுமன்று. ஆய்வுக்குத் தீங்கு பயப்பதுமாகும்.

காந்த நாடா வழக்கிற்கு வருமுன், 1930களிலும் 1940களிலும், ஐக்கிய அமெரிக்க வானொலி நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளைப் பதினாறு அங்குலத் தட்டுக்களிற் பதிந்தன. அவை விற்பனைக்குரியவை அல்ல. 1942இல் தொடங்கிய அமெரிக்கப் படையினர் வானொலிச் சேவை கடல்கடந்த நிலையங்களுக்கு அனுப்பிய தட்டுக்கள், பயன் முடிந்தபின் அழிக்கப்படவேண்டும் என்பதே விதி. அவ்விதியை மீறி எவரோ எடுத்து வைத்தமையாலேயே அவற்றுட் பல இன்றும் ஒலிக்கின்றன. ‘வேலையற்றோர்’ என நாம் நகைக்கும் சேகரிப்பாளர் செய்த தொண்டு இது.

தட்டுக்கும் ஆயுள் உண்டு. நிலையத்திலேயே வெட்டப்பட்ட தட்டுக்கள் பெரும்பாலும் அலுமினியத்தின் மீது மெல்லிய பூச்சிடப்பட்டவை; போர்க்காலத்தில் அலுமினியம் அரிதானமையால் கண்ணாடியும் பயன்பட்டது. பூச்சிற் கலந்த ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெண்படலமாக மேலெழும். பூச்சு சுருங்கி, வெடித்து, செதிலாக உதிரும். ஆகவே எண்ணிம வடிவிற் படியெடுத்தல் இன்றே செய்யத்தக்க பணி. ஒரே படியாயிருந்த சுவடிகளின் கதி யாதென்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது நாம் கண்டோம்.

ஆயின், ‘படியெடுத்தாயிற்று, இனித் தட்டு எதற்கு?’ என்று வினவுவோரும் உளர். இவர்கள் பகைவரினும் ஆபத்தான நண்பர்கள்.

1937 மே 6ஆந் திகதி ஹிண்டன்பேர்க் ஆகாயக்கப்பல் எரிந்து வீழ்ந்தது. அதனை நேரிற்கண்ட அறிவிப்பாளர் ஹெர்பேட் மொறிசனின் குரல் தட்டிற் பதிந்தது. பதிவுக்கருவி சற்று மெதுவாகச் சுழன்றமையால், திரும்ப ஒலிக்கையில் அக்குரல் இயல்பினும் விரைவாகவும் உயர்ந்தும் கேட்டது. அதனையே அவருடைய குரலென உலகம் நெடுங்காலம் நம்பிற்று. மூலத்தட்டையும் அவருடைய பிற பதிவுகளையும் ஒப்புநோக்கியபோதே, அவர் குரல் ஆழ்ந்த குரல் என்பது தெளிவாயிற்று. மூலத்தை எறிந்துவிட்டுப் படியை மட்டும் பேணியிருந்தால் இவ்வொப்பீட்டுக்கு ஏது வழி? படியெடுத்தவன் பிழையே வரலாறாய் நிலைத்திருக்கும்.

இது நமக்குப் புதிய பாடமா? அன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது சிதைந்த ஏடுகளைத் தேடினார், பலவற்றை ஒப்புநோக்கினார், பாடங்களைத் தெரிந்தார். அப்பணியைப் புலமை என்று போற்றுகின்றோம். தட்டைத் தேடுதல், உரிய ஊசியும் வேகமும் தேர்தல், எத்தட்டிலிருந்து எவ்வாறு படியெடுக்கப்பட்டது எனக் குறித்தல் ஆகியனவும் அதே பணியன்றோ? ஏட்டுக்கு ஒரு நீதி, தட்டுக்கு ஒரு நீதியா?

கொழும்பில் 1925ஆம் ஆண்டு முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக் காலமாக நம் மொழி வானலையிற் பேசியும் பாடியும் நடித்தும் வந்துள்ளது. சானாவின் ‘இலண்டன் கந்தையா’ போன்ற வானொலி நாடகத்தை எழுத்தில் மட்டும் படிப்பவன், ஈழத்துப் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எங்ஙனம் அறிவான்? பேச்சுவழக்குப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் கலைப்பீடத்தார், அப்பேச்சு ஒலித்த பதிவுகளைத் தேடாதிருப்பது நாணத்தக்கது.

நம் பாட்டன்மார் பரணிலும் பழைய கடை மூலையிலும் தட்டுக்கள் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடுவோம், படியெடுப்போம், மூலத்தையும் பேணுவோம், பலரும் கேட்க வழிசெய்வோம். பூச்சு உதிர்ந்த பின் எழுதப்படும் ஆய்வுக்கட்டுரை எத்துணைச் சிறந்ததாயினும், அது இரங்கலுரையே.