பதவி முடிந்தபின் மலையேறுங்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கும் மேல் பலிவாங்கியபோது பல கட்சித் தலைவர்கள் வந்தார்கள். ஆறுதல் சொன்னார்கள், பேட்டி கொடுத்தார்கள், கார் ஏறினார்கள். பழி மட்டும், சாராய ஊறல் போடும் இடம் என்று பெயரெடுத்த அதே மாவட்டத்துக் கல்வராயன் மலைமேல் தங்கிவிட்டது. மெத்தனால் தொழிற்சாலைகளுக்கான சரக்கு. ஓடைக்கரையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புதைத்த ஊறலிலிருந்து வந்ததல்ல அந்த நஞ்சு. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவமனை, பள்ளி பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. ஒரு மலைக்குப் பஸ் போகிறதா என்று கேட்க நீதிபதிகள் வேண்டியிருந்தார்கள் என்றால், அந்தக் கேள்வியை அதுவரை கேட்டிருக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

காரணம் ஓட்டுக் கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளின் ஓட்டு சமவெளி ஓட்டோடு கலந்து கரைந்துவிடுகிறது. வனத்துறையோடு மல்லுக்கட்டி மலைச்சாலைக்கு அனுமதி வாங்குவதைவிடக் கீழே ஒரு சமுதாயக்கூடம் கட்டுவது வேட்பாளருக்கு லாபம். இதற்காக எந்தத் தனி எம்.எல்.ஏ.வையும் நான் குறை சொல்லவில்லை. மறுபடியும் ஜெயிக்க வேண்டியவர் அப்படித்தான் நடப்பார். ஆகவேதான் சொல்கிறேன்: இந்த மலைக்காகப் பேச, இனி ஜெயிக்கத் தேவையில்லாதவர் வேண்டும். அரசியலிலிருந்து ஓய்வுபெற்ற எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் முன்னாள் அமைச்சர்களும்தான் அந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள்.

இதற்கு முன்னோடி வெளியூரில் இல்லை. கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல்வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுக்க மதுவிலக்கு என எல்லாமே அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவை. கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு வளையாததால் பகை வளர்ந்தது, பதவியை விட்டார். அவர் போன இடம் வடலூர். சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரித்தார், பள்ளிகள் நடத்தினார். 1970-ல் மறையும்வரை அவருடைய பொதுவாழ்வு அதுதான். அவர் பதவிக்காலத்தை நினைவுகூர்கிறோம். பதவிக்குப் பிந்தைய அந்த 21 ஆண்டுகளை ஏனோ ஒரு வரியில் தாண்டிப் போகிறோம். ஒரே ஊரில், ஒரே வேலையில் நிலைத்து உட்கார்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அவருடைய பணி வடலூரைச் சுற்றியே அமைந்தது; அவர் காலத்துச் சட்டமும் மலையை எட்டவில்லை. சமவெளியில் ஜமீன்தாரி ஒழிப்புக்குச் சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகியும், கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஜாகீர்களின் ஆதிக்கம் 1976-ல்தான் முடிவுக்கு வந்தது. கோட்டையில் போடும் சட்டம் தானாக மலையேறாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதவியில்லாதவர் சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியை நேரில் பார்த்து வேண்டினார் 92 வயது ராஜாஜி. கடைகள் திறக்கப்பட்டன. அதே அரசு 1974-ல் மதுவிலக்கை மீண்டும் கொண்டுவந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பேச்சால்தான் அது நடந்தது என்று நான் வாதிடவில்லை. அவர் கேட்டது அரசின் வருமானத்தையே தொடும் கொள்கை முடிவு. கல்வராயன் மலைக்கு வேண்டியது அவ்வளவு பெரியதல்ல. வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதை நடத்திவைக்க ஆள் வேண்டும். பதவி போனபின் அப்படிக் களத்தில் இறங்கியவர் உண்டு. அமெரிக்க அதிபர் பதவியை இழந்த ஜிம்மி கார்ட்டர் நரம்புச் சிலந்தி நோயைக் கையில் எடுத்தபோது, 1986-ல், உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு அந்த நோய் இருந்தது. 2023-ல் 14 பேருக்கு. கொள்கைப் பிரசங்கம் அதைச் செய்யவில்லை; தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் துணியை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததும், அமைச்சர்களிடம் விடாமல் பேசியதும் செய்தன.

இங்கே அந்தத் துணிக்கு ஈடானது 2006 வன உரிமைச் சட்டத்தின் மனு. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே வன நிலம் கைவசம் இருந்ததைப் பழங்குடிக் குடும்பம் காட்ட வேண்டும். மனு கிராமசபையில் தொடங்கி, கோட்ட அளவிலான குழுவைத் தாண்டி, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். காகிதம் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தாலே சான்றாகச் சேர்க்கலாம் என்கின்றன விதிகள். இதை ஊருக்குச் சொல்பவர் யார்? வருவாய்த்துறை, வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை மூன்றுக்கும் நடுவே ஃபைல் எந்த மேஜையில் தூங்கும் என்பது 5 ஆண்டு சட்டமன்றத்தில் இருந்தவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

இன்னொரு அதிகார மையம் முளைத்துவிடும், இருக்கும் எம்.எல்.ஏ.வோடு மோதல் வரும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. முன்னாள்கள் பலர் ஒதுங்கியதுபோல் காட்டி மகனுக்கு சீட் கேட்பவர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் நிபந்தனை கறாராக இருக்க வேண்டும்: தாமோ குடும்பத்தாரோ இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தவர் மட்டும் இதற்கு வரட்டும். அரசு அவர்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் தருகிறது. அதில் இந்த மலையாளிக் குடும்பங்கள் கடையில் கட்டும் வரியும் இருக்கிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் மாதம் ஒரு வாரம் தங்கி, அடுத்த கிராமசபைக்குள் எத்தனை மனுக்களைத் தயாராக்க முடியும் என்று அவர்கள் பார்க்கட்டும்.