அமைச்சர் தந்ததா, மக்கள் பெற்றதா?

வில்லியம் ஒயிட்லா பிரித்தானியாவின் பழமைபேண் கட்சித் தலைவர்களுள் ஒருவர், 1999-இல் மறைந்தார். 1955 முதல் 1983 வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1972-இல் வட அயர்லாந்து அமைச்சர். 1979-இல் தாட்சரின் உள்துறை அமைச்சர். இணக்கம் காண்பதில் வல்லவர் என அவரைப் புகழ்வோர் பலர். அப்புகழை வேல்சு மொழி வரலாறு என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

வேல்சு மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அமைப்போம் என்று 1979 தேர்தல் அறிக்கையில் அவர் கட்சி உறுதி கூறிற்று; வென்றது. அவ்வாண்டே, அத்திட்டம் கைவிடப்பட்டது என்றார் ஒயிட்லா. வாக்குப் பெறும்வரை ஒரு நா; அரியணை ஏறியபின் வேறு நா!

பிற ஒளிபரப்புகளிலேயே வேல்சு நிகழ்ச்சிகளைப் பெருக்குவோம் என்பது அவர் சொன்ன அமைதி. அயலார் திண்ணையில் இடந்தருவது வீடு தந்ததாகுமா?

வேல்சு மக்கள் விண்ணப்பத்தோடு நிற்கவில்லை. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் செலுத்த மறுத்தனர். சிறை புகுந்தோரும் உளர். 1980 மேத் திங்களில் வேல்சு தேசியக் கட்சித் தலைவர் குவின்வர் எவான்சு, அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாநோன்பு என அறிவித்தார். செப்டம்பர் 17-இல் அரசு பணிந்தது. அப்போது அவர்க்கு அகவை 68. 1982 நவம்பர் 1-இல் வேல்சு தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

ஒயிட்லா தம் தவற்றைத் திருத்திக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால், ஆள்வோர் தாமே தந்த வாக்கைக் காக்க ஒரு முதியவர் உயிரை ஈடுவைக்க நேர்ந்ததே, அதற்குப் பெயர் இணக்கமா? அவ்வெற்றியை அமைச்சரின் பெருந்தன்மைக் கணக்கில் எழுதுவது அறமாகாது. மொழியுரிமை அமைச்சர் கையிலிருந்து உதிரும் கனியன்று. அம்மொழி பேசுவோர் நெஞ்சுரத்தில் விளைவது!