பழைய காருக்குப் புது உள்ளலங்காரம்: எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

மரவள்ளி விற்ற பணமோ, பாக்குத்தோப்புக் குத்தகைப் பணமோ, ஏலச்சீட்டு எடுத்த பணமோ கைக்கு வந்ததும் ஆத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் முதலில் வரும் கார், ஏற்கெனவே யாரோ ஓட்டிய காராகத்தான் இருக்கும். சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஓடி ஓய்ந்த ஓர் ஆல்ட்டோவோ வேகன் ஆரோ வாசலில் வந்து நிற்கும். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்கு ஒரு நடை போய் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படும். கிழிந்த சீட், தொங்கும் ரூஃப் துணி, கால் வைத்த இடத்தில் செம்மண், போதாததற்குப் பழைய ஓனர் விட்டுப்போன சிகரெட் வாசனை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்சஸரீஸ் கடை. பளபள சீட் கவர், செவன் டி மேட், கலர் கலராக எல்.இ.டி., கண்ணாடிக்கு ஃபிலிம் என்று கடைக்காரர் எடுத்துப் போடப் போட மனசு மயங்கும். பில் போடும்போதுதான் பட்ஜெட் ஞாபகம் வரும். காருக்குள் அழகு சேர்க்க அதிகப் பணம் வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தால் போதும். அது தெரியாமல் செய்த அலங்காரம் ஒருநாள் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

லாரிக்காரர்களிடம் ஒரு பாடம்

வண்டிக்கு உள்வேலை செய்வதில் சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளுக்கு லாரிகள் வெறும் சேஸிஸாக, இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்குமாக வந்து நிற்கும். கேபினும் பாடியும் இங்கேதான் கட்டப்பட்டன. இப்போது கம்பெனி கேபினோடு வரும் லாரிகள் பெருகிவிட்டாலும் பாடி கட்டும் தொழில் இன்றும் நடக்கிறது.

வாரக்கணக்கில் வண்டியிலேயே வாழும் டிரைவருக்காகக் கட்டும் கேபினில் முதலில் யோசிப்பது முதுகு சாயும் சீட்டையும், கால் நீட்டிப் படுக்கும் பெர்த்தையும், காற்று வரும் வழியையும்தான். குஞ்சமும் கலர் விளக்கும் அதற்குப் பிறகுதான். காருக்கும் இதே வரிசைதான் சரி. முதலில் சுத்தம், அடுத்து உடம்பு படும் இடம், கடைசியில் கண்ணுக்கு அழகு.

சுத்தமே பாதி அலங்காரம்

சீட் கவர் வாங்கும் முன் இருக்கும் சீட்டை ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்க்க வேண்டும். பாதி கார்களுக்குப் புதுக் கவரே தேவைப்படாது. வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் உள்பக்கத்தை வேக்குவம் போட்டு, ஷாம்பூ நுரையால் துடைத்துத் தரச் சொல்லலாம். வீட்டிலேயே செய்வதானால் சமையல் சோடாவைச் சீட்டிலும் கார்ப்பெட்டிலும் தூவி, சில மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுத்தால் பழைய வாடை நன்றாகக் குறையும். தண்ணீரை வாளியாகக் கொட்டக் கூடாது. சீட்டுக்கு அடியில் ஒயர்களும் கனெக்டர்களும் ஓடுகின்றன. கார்ப்பெட்டுக்குக் கீழே தங்கும் ஈரம் நாற்றத்தையும் துருவையும் கொண்டுவரும். கழுவியதும் நான்கு கதவையும் திறந்து வெயிலில் காயவிட வேண்டும்.

அடுத்து ஏசி ஃபில்டர். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சிறு அட்டையில் வருஷக்கணக்கான புழுதி அடைந்திருக்கும். அதை மாற்றினாலே காற்று கூடும், வாடை போகும். வாசனை பாட்டில் வாங்கும் காசை இதற்குக் கொடுப்பது மேல்.

டேஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் வேண்டாம். பகல் வெயிலில் அந்தப் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஈரத்துணியால் துடைத்து, மினுமினுப்பு இல்லாத மேட் பாலிஷ் பூசினால் போதும்.

சீட் கவர்: துணியா, ரெக்சினா?

ஆத்தூர் வெயிலில் ரெக்சின் சீட் அடுப்புக்கல் மாதிரி கொதிக்கும், வியர்வையில் ஒட்டும். ஆனால் துடைத்தால் சுத்தமாகிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வசதி. துணி உட்காரச் சுகம். ஆனால் கறை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவழி, முதுகும் தொடையும் படும் நடுப்பகுதியில் துணி, ஓரங்களில் ரெக்சின் வைத்துத் தைப்பது. உள்ளூர்க் குஷன் கடையில் அளவெடுத்துத் தைத்தால், ரெடிமேட் கவர்போல நழுவாது, சுருங்காது. முன்சீட் இரண்டுக்கு மட்டும் இப்போது தைத்துவிட்டு, பின்சீட்டுக்கு அடுத்த தீபாவளி வரை ஒரு சென்னிமலைப் போர்வையை விரித்துச் சமாளிக்கலாம். டிக்கியில் மூட்டையும் காய்கறியும் ஏற்றுபவர்கள் பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் அடியில் உள்ள கார்ப்பெட் பிழைக்கும்.

தைக்கக் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, முன்சீட்டின் கதவோரப் பக்கத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு பட்டை இருக்கிறதா? இருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அந்தச் சீட்டுக்குள்தான் இருக்கிறது. சாதாரணக் கவரை இறுக்கிப் போட்டால் விபத்து நேரத்தில் அது விரிய முடியாது. அந்த இடத்தைத் திறந்தோ, எளிதில் பிரியும் தையலோடோ விடும் கவர்தான் வேண்டும்.

இன்னொன்று, பின்சீட் பெல்ட். புதுக் கவர் போட்டதும் பின்சீட் பெல்ட்டின் பக்கிள்கள் கவருக்கு அடியில் புதைந்துபோவது நிறைய கார்களில் நடக்கிறது. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்பதுதான் அன்று நாடு முழுக்கப் பேச்சு. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் உட்காரும் சீட்டில் பெல்ட் கைக்கு எட்டாமல் போனால், எவ்வளவு அழகான கவராக இருந்தும் பயன் இல்லை. பெல்ட் போடாமலே அலாரச் சத்தத்தை நிறுத்தும் கிளிப்புகளை இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட்டது. யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் அந்தக் கிளிப் வேண்டாம்.

காலடியில் ஓர் எச்சரிக்கை

மேட் வாங்குவது சின்ன விஷயம் என்று தோன்றும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி மோதியதில் அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான மேட் ஒன்றை அந்தக் காரில் போட்டிருந்தார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு டொயோட்டா நிறுவனம் அந்த நாட்டில் சுமார் 38 லட்சம் கார்களுக்கு மேட் தொடர்பான திரும்ப அழைப்பை அறிவித்தது.

ஆகவே டிரைவர் பக்க மேட் அந்த மாடலுக்கே வெட்டியதாக இருக்க வேண்டும். தரையில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். பழைய மேட்டின் மேல் புது மேட் போடவே கூடாது. போட்டபின் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி விட்டுப் பார்த்து, அது தடையில்லாமல் மேலே வருகிறதா என்று சோதிக்க வேண்டும்.

பிள்ளையாருக்கு எந்த இடம்?

டேஷ்போர்டில் சாமி இல்லாத கார் நம் ஊரில் ஏது? ஆனால் 'ஏர்பேக்' என்று எழுதிய இடத்தின் மேல் சிலையை ஒட்டக் கூடாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரியும் ஏர்பேக், அந்தச் சிலையைக் கல் எறிவதுபோல முகத்தில் எறியும். ஏர்பேக் இல்லாத நடுப்பகுதியில், சாலையை மறைக்காத உயரத்தில், சின்ன உருவமாக ஒட்டினால் சாமிக்கும் மரியாதை, நமக்கும் பாதுகாப்பு. ஸ்டியரிங் கவரும் அப்படித்தான். அளவு பெரிதாகி நழுவும் கவர் வளைவில் கையை ஏமாற்றும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது புரியும். நூலால் இறுக்கித் தைக்கும் கவரே நல்லது.

வெயிலுக்கு ஃபிலிம் ஒட்டலாமா?

முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டதைச் சுட்டிக்காட்டி, இந்த அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சாலையோரச் சோதனையில் தீர்ப்பை எடுத்து வாதாடிக்கொண்டிருக்க முடியுமா? பட்ஜெட்காரர்களுக்கு எளிய வழி, நிறுத்தும்போது முன்கண்ணாடியில் விரிக்கும் வெள்ளி நிறத் தடுப்பு. புளியமர நிழல் கிடைத்தால் அதுவும் இலவசம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது என்று 2005-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய மாற்றம் இல்லையாம். 'அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்' என்று பிள்ளையை உள்ளே விட்டுப் போகவே கூடாது. கேஸ் லைட்டர், ஸ்பிரே வாசனை பாட்டில் போன்றவற்றையும் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது.

ஒயரை வெட்டாதீர்கள்!

எல்.இ.டி. பட்டை, திரை வைத்த ஸ்டீரியோ, ஸ்பீக்கர் எல்லாமே ஆசைதான். ஆனால் இருக்கும் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிச் செய்யும் வேலை ஷார்ட் சர்க்யூட்டுக்கும் தீக்கும் வழி. கம்பெனி சாக்கெட்டில் அப்படியே பொருந்தும் கப்ளரும், தனி ஃபியூஸும் போட்டுத் தரும் எலெக்ட்ரீஷியனிடம்தான் கொடுக்க வேண்டும். வாரன்டி பாக்கி உள்ள காரில் ஒயரை வெட்டினால் அதுவும் போகும். பெரிய தொகைக்கு ஸ்டீரியோ மாட்டினால் இன்ஷூரன்ஸில் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க இன்னொரு வழி உண்டு. அதே மாடலின் விலை கூடிய வேரியன்ட்டில் வரும் ஆர்ம்ரெஸ்ட், கதவுப் பட்டை, ஸ்டீரியோ போன்றவை சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். பேரம் பேசி வாங்கலாம். ஆனால் சீட் பெல்ட்டையும் ஏர்பேக்கையும் பழையதாக வாங்கவே கூடாது. அவை ஒரு விபத்தில் ஏற்கெனவே வேலை செய்து முடித்தவையாக இருக்கலாம்.

பத்தாயிரம் இருந்தால்...

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்யவும் ஏசி ஃபில்டருக்கும் 2,000. முன்சீட் கவருக்கு 4,000. மாடலுக்குப் பொருந்தும் மேட்டுக்கு 1,500. வெயில் தடுப்புக்கு 500. போன் ஹோல்டர், சார்ஜருக்கு 1,000. மீதி ஆயிரத்தை அப்படியே வைத்திருக்கலாம். ஒரு மாதம் ஓட்டினால்தான் உண்மையில் என்ன குறை என்று தெரியும். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் செலவின் வரிசை மாறக் கூடாது.

வேலை முடிந்து கடைக்காரர் சாவியை நீட்டியதும் உடனே கிளம்பிவிட வேண்டாம். ஐந்து சீட்டிலும் உட்கார்ந்து ஐந்து பெல்ட்டையும் மாட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பெடலையும் மிதித்துப் பார்க்க வேண்டும். சாலையும் கண்ணாடிகளும் மறையாமல் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பில்லுக்குப் பணம் கொடுத்தால் போதும்.