சோலைக்குள்ள குடிசை போட வர்ற தம்பிகளுக்கு

போன வாரம் டீக்கடையில ரெண்டு தம்பிங்க. முதுகுல பெரிய பை, இடுப்புல கத்தி, கையில கேமரா. "அண்ணா, சோலைக்குள்ள கொம்பு வெட்டி, தழை போட்டு குடிசை கட்டி ஒரு ராத்திரி தங்கணும். வீடியோ எடுக்கணும். வழி சொல்லுங்க"ன்னாங்க. சொல்ல மாட்டேன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. காரணத்தை இங்க எழுதறேன்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர். பாதி தேயிலை, பாதி கேரட். என் பட்டா நிலத்து மரத்தை வெட்டணும்னாலே 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும். வரி கட்டுற எனக்கே அப்படின்னா, ஒரு வீடியோவுக்காக நீங்க காப்புக்காட்டுல கத்தி வைக்கிறது எந்த ஊர் நியாயம்?

சோலை மரம் சவுக்கு மாதிரி மளமளன்னு வளராது. பெரிய மரத்து நிழல்ல மெதுவாத்தான் கன்னு தலை தூக்கும். நீங்க படுக்கைக்கு வாரிப் போடுற சருகும் பாசியும்தான் மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு, கோடையில எங்க ஊத்துக்கு விடுது.

"பழங்குடி மக்கள் கட்டலையா?"ன்னு கேப்பீங்க. கட்டினாங்க. குறும்பரும் இருளரும் வாழறதுக்குக் கட்டினாங்க, வேடிக்கைக்கு இல்ல. யானை எந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்சு கட்டினாங்க. காலங்காலமா இருந்த காட்டுல அவங்களுக்கு உரிமை உண்டுன்னு சொல்லவே 2006ல ஒரு சட்டம் வர வேண்டியிருந்துச்சு.

ஒரு குடிசைதானேன்னு லேசா நினைக்காதீங்க. சீகூர் யானை வழித்தடத்துல முளைச்ச ரிசார்ட்டுகள் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2020 அக்டோபர்ல யானைக்குத்தான் வழின்னு தீர்ப்பு வந்துச்சு. மூணே மாசத்துல மசினகுடியில, தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மேல எரியிற டயரை வீசினாங்க. அந்த யானை செத்தே போச்சு. காட்டுக்குள்ள நாம போய் உக்காந்துக்கிட்டு, வந்ததுன்னு யானையைக் குத்தம் சொல்றோம்.

கை அரிக்குதுன்னா என்கிட்ட வாங்க. என் நிலத்துக்குக் கீழ்ச் சரிவுல உண்ணிச்செடி மண்டிக் கிடக்கு. அருவாளும் கையுறையும் நான் தரேன். அந்தக் கொம்பு லேசுப்பட்டது இல்ல. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதுல செஞ்ச யானைகள் 2021ல லண்டன் பூங்காவுல நின்னுச்சு. வேரோட பிடுங்கி, கேரட் வயலோரம் எனக்கொரு பரண் கட்டிக் கொடுங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்து காட்டுப்பன்னி விரட்டுங்க.

விடிஞ்சதும் வீடியோ எடுத்துக்கலாம், கண்ணு திறந்திருந்தா.