மழைக்காலத்துத் தவணை

கோவா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே மாற்றலாகி வந்தபோது நண்பர்கள் எல்லோரும் கண்ணடித்தார்கள். அவர்கள் நினைக்கிற கோவா அக்டோபரில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது மிச்ச நான்கு மாதத்துக் கோவாவைப் பற்றி.

ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் போட்ட குடில்களை எல்லாம் பிரித்து மூங்கிலைக் கட்டி வைத்துவிடுவார்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. (நம்மூர்க் கிழக்குக் கரையில் இது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை.) பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். ஜனவரியில் கூட்டம் நெரியும் எங்கள் கிளையில், ஜூலை மாதம் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

அப்படி ஒரு ஜூலையில்தான் அந்த அம்மாவோடு நிதானமாகப் பேச வாய்த்தது. பிரெஞ்சுக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு பழைய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து பேக்கரியும் காபிக்கடையும் நடத்துகிறார். ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். முறைப்படி கம்பெனி பதிவு, விசா, வரி எல்லாம் உண்டு.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வெள்ளைக்காரர் கடை என்றாலே இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. சீசனுக்கு வருகிறார்கள், சுருட்டிக்கொண்டு போகிறார்கள் என்று. பேச்சு முழுப் பொய்யும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் உரிமம் வைத்துக் கடை நடத்துகிற ஆசாமிகள் உண்டு. உள்ளூர்க்காரர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் ஒரே பெட்டியில் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. யார் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் ஆகஸ்டில் போய்ப் பாருங்கள்.

ஒரு வேடிக்கையான கணக்கு. 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனியில் ஓர் இயக்குநராவது நிதியாண்டில் 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை எண்ணிப் பாருங்கள். லீப் வருடம் இல்லையென்றால் சரியாக 182! சீசன் முடிந்ததும் ஊருக்குப் போனாலும் சட்டத்துக்குக் குறையில்லை. இந்த அம்மா போவதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நாலு மாசம் பூட்டி வைத்தால் அக்டோபரில் வீடு இருக்காது, சார். மாவு பிசைகிற பையனும் இருக்க மாட்டான்" என்றார்.

ஜார்கண்ட்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த பையன்கள். ஜூனில் ஊருக்குப் போனால், அக்டோபரில் இருநூறு ரூபாய் அதிகம் கொடுக்கிற கடைக்குத்தான் திரும்புவார்கள். அதனால் நான்கு மாதமும் பாதிச் சம்பளம். சீசனில் நாளுக்கு இருபத்தைந்தாயிரம் விற்கிற கடையில் மழைக்காலத்தில் இரண்டாயிரம் விற்றால் பெரிது. அதற்காக ஓவனைப் பற்றவைக்காமல் இருக்க முடியாது, ஈரத்தில் துருப்பிடித்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கோ காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பொதேரின் ரொட்டி போதும். பிரெஞ்சு ரொட்டியை யார் வாங்குவார்கள்? (நான் வாங்குவேன். சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கிறது.)

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓவனுக்கும் மாவு பிசையும் இயந்திரத்துக்கும் 9 லட்சம் கடன் கேட்டார். கொடுத்தேன். 36 சம தவணை, மாதம் சுமார் 29,500 ரூபாய். "மழை மாதங்களில் எப்படிக் கட்டுவது?" என்று அப்போதே கேட்டார். கணினியில் அப்படித்தான் வரும் மேடம் என்றேன். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, தாராளமாகக் கட்டலாம் என்று நானே குறிப்பும் எழுதினேன். சராசரி நாலடி ஆழம் என்று நம்பி ஆற்றில் இறங்கி மூழ்கியவன் கதையை பி.காம். புள்ளியியல் வகுப்பில் கேட்டுச் சிரித்தவன்தான் நானும்.

முதல் மழைக்காலத்தைச் சேமிப்பை வைத்துச் சமாளித்தார். இரண்டாவதில் கூரை ஓடு சரிந்து கையிருப்பு கரைந்தது. ஜூன் 30-ல் விழுந்த தவணை நின்றது. தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். எண்ணினால் செப்டம்பர் 28 வாக்கில் வருகிறது. சீசன் தொடங்க இரண்டே நாள்! நவம்பர் கடைசிக்குள் நிலுவை முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டார். கணக்கும் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் அடுத்து கூரையை மாற்றக் கடன் கேட்டபோது, மேலிடத்திலிருந்து ஒரே வரியில் பதில்: கணக்கு ஒருமுறை வாராக்கடன் ஆகியிருக்கிறது. பிணையம் கொடுக்கலாமென்றால் வீடு குத்தகை வீடு. அவருக்காகக் கையெழுத்துப் போட இங்கே மாமன் மச்சான் யாருமில்லை.

விவசாயிக்கு நாம் இப்படிச் செய்வதில்லை. குறுகிய காலப் பயிர்க்கடன் என்றால் இரண்டு பருவம் தாண்டியும் நிலுவையில் இருந்தால்தான் வாராக்கடன். அறுவடைக்கு முன்னால் பணம் வராது என்பது ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். கோவாவில் கடை நடத்துகிறவருக்கும் டிசம்பர்தானே அறுவடை? அவருக்கும் இரண்டு பருவம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கனமான தவணை, மழை மாதங்களில் வட்டி மட்டும் என்று முதலிலேயே அட்டவணை போடலாம். அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை. சம தவணை போட்டால் ஒரு பட்டனில் வேலை முடிகிறது, ஆடிட்டரும் கேள்வி கேட்க மாட்டார். அவ்வளவுதான் காரணம். இதில் வெள்ளைக்காரர், கோவாக்காரர் என்ற பேதமும் இல்லை. கடற்கரையில் குடில் போடுகிற உள்ளூர்க்காரரும் இதே செப்டம்பரில்தான் மாட்டுகிறார். அவருக்கு நகையாவது, அண்ணன் தம்பியாவது இருக்கும்.

கோவாக்காரர்கள் மே மாதத்தில் 'புருமெந்த்' என்று ஒன்று செய்வார்கள். மழைக்குச் சேமித்து வைப்பது. கருவாடு, கோக்கம், மிளகாய், வெங்காயம், அரிசி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல்லாம். அந்த அம்மாவுக்கு வீட்டுக்காரப் பாட்டி கற்றுக்கொடுத்திருக்கிறார். போன ஜனவரியில் கவுண்டரில் பணத்தை வைத்துவிட்டு, "எனக்குப் பணத்தில் புருமெந்த் வேண்டும்" என்றார்.

நான்கு வைப்புநிதி போட்டுக் கொடுத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மாதம் ஒன்றாக முதிரும்படி. கடன் கேட்டால் இல்லை என்ற அதே வங்கி, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறது. ரசீதுகளை நீட்டும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் ஜூன் ரசீதை மேலே வைத்துக் கிளிப் போட்டுக்கொண்டார். முதலில் அதில் கூரைக்குத் தார்ப்பாய் வாங்க வேண்டுமாம்.