போர்டு போகவில்லை

பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பற்றி 2025-இல் வந்த ‘டெலிவர் மீ ஃப்ரம் நோவேர்’ படத்தை இந்த வாரம்தான் பார்க்க முடிந்தது. அவருடைய ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் பிறந்த கதை. ஸ்பிரிங்ஸ்டீனாக நடித்த ஜெரமி ஆலன் ஒயிட் மனதில் நிற்கிறார். அவர் தரையில் உட்கார்ந்து கேசட் ரெக்கார்டரோடு மல்லுக்கட்டும் காட்சிகளை எல்லாம் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

நடந்ததும் அப்படித்தான். 1982 ஜனவரி, நியூஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர், வாடகை வீட்டின் படுக்கையறை. டீயக் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த 144 என்ற போர்ட்டாஸ்டூடியோ. சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக் பதியும். கூட இரண்டு ஷூர் எஸ்.எம். 57 மைக். பதிந்ததை எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக ஒரு பானசோனிக் டூ-இன்-ஒன்னில் மிக்ஸ் செய்தார்கள். பிறகு நியூயார்க் ஸ்டூடியோவில் முழு இசைக்குழுவோடு அதே பாடல்களை வாசித்துப் பார்த்தும் கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. அந்தக் கேசட்டேதான் அதே வருடம் செப்டம்பரில் இசைத்தட்டாக வந்தது.

படத்தைப் பற்றி இன்னும் நிறைய எழுத இருந்தேன். அதற்குள் அக்கா மகன் வந்து நின்றான். அவனும் படம் பார்த்தவன். பார்த்த சூட்டோடு ஒரு செகண்ட்ஹேண்ட் போர்ட்டாஸ்டூடியோ வாங்கிவிட்டான். தன்னிடம் இருந்த கண்டென்சர் மைக்கை அதில் சொருகினால் சத்தமே இல்லை. ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போயிருக்கிறான். கவரைக்கூடக் கழற்றாமல், “போர்டு போயிடுச்சு தம்பி, இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடைக்காது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“மாமா, காசு போச்சு” என்றான். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை நல்ல மெஷின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்!

ட்ரிம் குமிழை லைன் பக்கம் திருப்பி, செல்போனின் ஹெட்போன் சத்தத்தை உள்ளே கொடுத்தேன். மீட்டர் முள் துள்ளியது. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பட்டினி கிடந்தது மைக். கண்டென்சர் மைக் வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். பெரும்பாலும் 48 வோல்ட், மைக் கேபிள் வழியாகவே ஏறிப் போகும். பாண்டம் பவர் என்பது அதுதான். இவன் வாங்கிய மெஷினில் அது கிடையாது, 6.3 மில்லிமீட்டர் ஜாக் மட்டும்தான். டைனமிக் மைக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே அசைந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கோல்ட்ஸ் நெக்கில் இருந்த இரண்டும் அந்த ஜாதிதான். எஸ்.எம். 57 இன்றும் தயாராகிறது.

என்னிடம் இருந்த டைனமிக் மைக்கைக் கொடுத்தேன். கேபிளை மட்டும் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் மூன்று முள். இரண்டாவது முள்ளின் கம்பி ஜாக்கின் நுனிக்குப் போக வேண்டும்; ஒன்றையும் மூன்றையும் சேர்த்து ஜாக்கின் உடலில் பற்றவைக்க வேண்டும். மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் இரண்டை இடப்பக்கத்துக்கும் மூன்றை வலப்பக்கத்துக்கும் கொடுத்து ஸ்டீரியோ பிளக்காக முடித்திருப்பார்கள். அதை ஸ்டீரியோ ஓட்டையில் சொருகினால் இரண்டு பக்கமும் ஒரே குரல் எதிரெதிராகப் பதியும். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குரலே காணாமல் போகும். அதற்கும் பழி மெஷின் மேல்தான் விழும்.

தாத்தா காலத்து வால்வு ஸ்பூல் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு. அவற்றில் பலவற்றின் மைக் ஓட்டை, ஹை இம்பிடன்ஸ் மைக்கை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. இன்றைய 200 ஓம் மைக்கை நேராகச் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். உடனே ‘ஹெட் தேஞ்சு போச்சு’ என்று ஒரு தீர்ப்பு! நடுவில் ஒரு சின்ன மேட்சிங் டிரான்ஸ்பார்மர் போதும். 200 ஓமை 50,000 ஓமாக ஏற்றுகிற டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை ஏறக்குறைய 16 மடங்கு கூட்டிக் கொடுக்கும். அதை மெஷின் பக்கத்திலேயே வையுங்கள். மைக் பக்கம் வைத்து அங்கிருந்து நீளமாகக் கேபிள் இழுத்தால் ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கிவிடும்.

எனவே எடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். முதலில் பழைய டேப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாடினால் ஹெட்டும் மோட்டாரும் பிழைத்தன. அடுத்து லைன் ஓட்டையில் போன் சத்தத்தைக் கொடுத்துப் பதிந்து பாருங்கள். அதுவும் சரியென்றால் மைக்கையும் கேபிளையும் கையில் எடுங்கள். அதற்குப் பிறகும் ஊமையாகவே இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், உங்கள் கண்ணெதிரே கவரைக் கழற்றிப் பார்க்கிறவராகப் பார்த்து.