இருபத்து நாலாவது காய்

பாகூரில் தங்கை வீட்டுத் திண்ணை. அவள் பேத்தி செங்கல் துண்டால் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்தாள். 3 கூழாங்கல் புலி, 15 புளியங்கொட்டை ஆடு, கட்டத்தில் 23 புள்ளி. ஆடுபுலி ஆட்டம்.

புலி ஆட்டை நேர்கோட்டில் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. கூடி நின்று வழியை மறிக்க மட்டும் முடியும். 15 ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தவும் கூடாது. அதனால் ஓர் ஆட்டைப் பலி கொடுத்துப் புலியை மூலைக்கு இழுக்கப் பழக வேண்டும். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறும்போதுதான், சற்றுமுன் நாம் மாட்டிக்கொண்டது எந்த இடத்தில் என்று புரியும். சமமில்லாத இரண்டு பக்கத்திலும் ஒரே ஆளை உட்கார வைத்து யோசிக்கச் சொல்லும் ஆட்டம் இது. எனக்கு இதன்மேல் தீராத மரியாதை.

புலியாக இரண்டு முறை அடைபட்டவள், “இன்னொரு புலி குடு தாத்தா” என்றாள். கொடுத்தேன். பத்து ஆடு இறங்குவதற்குள் பாதி போய்விட்டது. “இது ஆட்டமே இல்ல” என்று அவளே கலைத்தாள். நாலு புலிக்கு ஈடுகட்ட, உள்ளே ஓடி இன்னும் ஐந்து கொட்டை கொண்டுவந்தாள். வரிசையாக எண்ணியவள் நின்றுவிட்டாள்.

“23 எடத்துல 24 காய் எப்படி தாத்தா ஒக்காரும்?”

ஐம்பது வருஷமாக ஆடுகிறேன், இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. ஆடு ஒன்றும் வெட்டுப்படாமல் 18 காயும் இறங்கினால் மிஞ்சுவது 5 புள்ளி. அந்தக் காலி இடத்தை நம்பித்தான் ஆட்டமே நகர்கிறது. நேபாளத்தில் ஆடும் பாக்சாலில் 4 புலி, 20 ஆடு. கட்டத்துக்கு 25 புள்ளி. அங்கும் ஏதோ ஒரு திண்ணையில் யாரோ இதே கணக்கில் முட்டி நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

இப்போது ஆடுபுலி செல்போனிலும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதில் நாலாவது புலியைக் கேட்க ஆளில்லை, கோட்டை அழிக்க வழியில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு செய்து தருகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அந்தச் செங்கல் துண்டை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது கடைசிக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்திருந்தாள். ஆட்டை வைத்துப் பார்த்தாள். புலி தாண்டி இறங்க அங்கே இடமில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, தரை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாள்.